பச்சைப் படகில் எடை குறைந்தவர்

1

இந்தக் கதையில் உண்மையாக நடந்தது ஒரே ஒரு வாக்கியம். அதையும் நான் பார்க்கவில்லை, கேட்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் என்னிடம் கோபித்துக்கொள்ள முடியாது பாருங்கள்.

கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். சொட்டு மருந்தை விட்டு, “மூடிட்டே இருங்கம்மா, கூப்பிடுறோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள் அங்கே வேலை செய்யும் பெண். கண்ணை மூடினால் காது நீளும். எனக்கு ஏற்கெனவே கொஞ்சம் நீளம்தான். பக்கத்து நாற்காலிகளில் ஒரு கணவனும் மனைவியும். கைபேசியில் இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. ‘பாய்’ என்று காதில் விழுந்ததும், படுக்கிற பாய் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ‘சுக்கான்’ வந்தது. ‘நங்கூரம்’ வந்தது. சரிதான், இவர்கள் படுக்கப் போகிறவர்கள் இல்லை, புறப்படப் போகிறவர்கள் என்று புரிந்தது. பழைய பாய்மரப் படகுகள் இரண்டு. ஒன்று வெள்ளை, ஒன்று பச்சை. இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும்.

அப்போது அந்த அம்மா கேட்டாள்:

“பச்சைப் படகுல நீங்க எடை கம்மியா இருந்தீங்களே, அது எப்படிங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது. நான் அவசரமாகக் கண்ணைத் திறந்தால் எல்லாம் பனிமூட்டம். இரண்டு உருவங்கள் கதவுப் பக்கம் போயின. ஒன்றின் கை மற்றொன்றின் முழங்கையில் இருந்தது. யார் யாரைப் பிடித்திருந்தார்கள் என்று தெரியவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு மனிதர் ஒரு படகில் மட்டும் எப்படி எடை குறைவார்? இதை வைத்துக்கொண்டு எனக்குப் பல நாள் தூக்கம் போயிற்று. இனி உங்களுக்கும் போகட்டும்.

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

‘கடல் அன்று அமைதியாக இருந்தது.’

[அடித்துவிட்டேன். அமைதியாக இருப்பதும் குதிப்பதும் கடலின் சொந்த விவகாரம்.]

‘வீட்டை விற்றுவிட்டுப் படகில் குடியேறுவது என்று அவர்கள் முடிவு செய்த நாளிலிருந்து அந்த வீட்டின் கதவுகூட—’

[கதவுகூட என்ன? கதவு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வீட்டை விற்றது நல்ல யோசனை, அதை வைத்துக்கொள்கிறேன். திரும்பி வர இடம் இல்லை, இனி படகுதான் வீடு. அப்போதுதான் தப்பான படகை எடுத்தால் நமக்கும் வலிக்கும்.]

என் மருமகள்தான் எனக்கு முதல் வாசகி. சாப்பாட்டு மேசையில் தாளைத் தள்ளினேன். படித்தாள்.

“அத்தை, நீங்க படகைப் பார்த்திருக்கீங்களா?”

“படத்துல பார்த்திருக்கேன்.”

“அது தெரியுது.”

சுருக்கென்றது. மறுவாரம் அவளையே கூட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன், வாங்க வந்தவள் மாதிரி. படகுத் தரகர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த வயசுல கடலுக்குப் போறீங்களா அம்மா? தனியாவா?”

“துணைக்கு மருமக வர்றா.”

“அவங்க முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே.”

“கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு அவ முகம். பழகிருவா.”

நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் காட்டினார். அதனால் இனி வருகிற படகுகளை நம்பலாம். மனிதர்களுக்குத்தான் நான் பொறுப்பேற்க முடியாது.

3

பச்சைப் படகு கனமானது. உடல் ஒடுக்கம், இரண்டு முனையும் கூர்மை. தண்ணீருக்கு அடியில் முன்னிருந்து பின்வரை ஒரே நீளமான முதுகெலும்பு போல எடை இறங்கியிருக்கும். அதனால் ஒரு திசையில் விட்டால் அந்தத் திசையிலேயே போகும், சுக்கானை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கலாம். அலையில் குதிக்காது. ஏறும், இறங்கும், நிறைமாதக்காரி படியேறுவது போல. ஆனால் பின்னால் போகச் சொன்னால் கேட்காது. உள்ளே இருட்டு, மர வாசனை. பக்கச் சுவர் தண்ணீரிலிருந்து வெகு உயரம். சுக்கான் பின்முனையில் வெளியே தொங்குகிறது, கதவு மாதிரி கீல்கள் போட்டு.

வெள்ளைப் படகு இலேசு. அகலம். அடியில் எடை ஒரே இடத்தில் மீனின் துடுப்பு போல நிற்கும், அதனால் நின்ற இடத்தில் திரும்பும், பின்னாலும் சமர்த்தாகப் போகும். காற்று கொஞ்சம் இருந்தாலே ஓடும். அலையில் மட்டும் அடிவயிறு தட்தட்டென்று அடிக்கும். உள்ளே பெரிய ஜன்னல்கள், வெளிச்சம். பின்பக்கம் திறந்தது. அகலமான படிகள் தண்ணீர்வரை இறங்குகின்றன.

இரண்டுக்கும் வயது ஏறக்குறைய ஒன்று. விலையும் ஒன்று. இரண்டிலும் இயந்திரம் இருமுகிறது.

இப்போது ஆட்கள். அவரை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆக்கினேன். வாழ்நாள் முழுக்க ஒரே தடத்தில் போய்வந்தவருக்குத் தடமே இல்லாத இடத்தில் ஓட்டிப் பார்க்க ஆசை வரும் அல்லவா? மனைவியை எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸாக இருந்தவள் ஆக்கினேன். ஏன் என்று பிறகு தெரியும்.

தரகர் இருவரையும் படகுகளுக்குள் கூட்டிப் போகிறார்.

“இது நிறைய ஆள் ஏத்தின பஸ்ஸு மாதிரிம்மா” என்கிறார் டிரைவர், பச்சையின் சுக்கான் தடியைத் தடவிக்கொண்டே. “ரோட்டை விட்டு எந்திரிக்காது. பிடிச்சா பிடிச்சபடி போகும்.”

“வெள்ளை?”

“காலி வண்டி. பள்ளம் ஒவ்வொண்ணுக்கும் தூக்கிப் போடும்.”

“ஆனா வெளிச்சமா இருக்கு. அது பின்னாலயும் போகுது.”

“நாம எதுக்கும்மா பின்னால போகப் போறோம்?”

“முப்பது வருசம் நீங்க டெப்போவுக்குள்ள பின்னால எடுத்துத்தானே வண்டியை விட்டீங்க?”

தரகர் இருமுவது போலச் சிரித்தார்.

[மருமகள் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: ‘பேச்சு நல்லாருக்கு அத்தை. ஆனா எடை எங்க?’ வருகிறேன் கண்ணு, வருகிறேன்.]

4

எனக்கு எந்தப் படகானாலும் சரி, என்றாள் நர்ஸம்மா. ஒரே ஒரு சோதனை மட்டும்.

காரணம் இது. வீட்டை விற்பதற்குச் சற்று முன்னால், ஜன்னல் திரையைக் கழற்ற ஸ்டூலில் ஏறினவர், கண் இருட்டி அப்படியே சரிந்தார். அடி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் நினைவு இல்லை, அவ்வளவுதான். டாக்டர் மாத்திரையை மாற்றினார், கண்ணையும் ஒருமுறை காட்டச் சொன்னார். ஆனால் தரையிலிருந்து கட்டிலுக்கு அவரைத் தூக்கியவள் அவள். நினைவில்லாத தன் புருஷனின் எடை என்ன என்று அவள் கைக்கு அன்றே தெரிந்துவிட்டது.

“கடல்ல நாம ரெண்டே பேரு. நீங்க மயங்கி விழுந்தா நான் ஒருத்தியா உங்களை உள்ள எடுக்கணும். எந்தப் படகுல என்னால முடியுதோ அந்தப் படகு.”

“நான் ஏன் விழப் போறேன்?”

“ஸ்டூல்கிட்ட கேளுங்க.”

அவர் ஒப்புக்கொண்டார். மறுக்க வழியில்லை.

ஏற்பாடு இப்படி. பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் ஒரு குறுக்குக்கழி எந்தப் பாய்மரப் படகிலும் உண்டு. அதைப் படகுக்கு வெளியே தள்ளி நிறுத்தி, நுனியில் கப்பி போட்டுக் கயிற்றை இறக்கினால் சின்ன கிரேன். கயிற்றின் மறுமுனை தளத்தில் ஓர் இரும்பு உருளையில் சுற்றியிருக்கும். உருளைக்கு ஒரு கைப்பிடி. சுற்றினால் ஆள் மேலே வர வேண்டும்.*

முதலில் வெள்ளை. துறையோரம், அலையில்லாத தண்ணீர். மிதவைச் சட்டையும் இடுப்பு வாரும் மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். “மயக்கமா இருங்க” என்றாள் மேலிருந்து. அவர் கண்ணை மூடினார், கைகால்களைத் தளரவிட்டார். அவள் சுற்றினாள். தண்ணீரில் இருக்கும்வரை பாரம் இல்லை. உடம்பு தண்ணீரை விட்டுப் பிரிகிற இடத்தில் கைப்பிடி நின்றுவிட்டது. பல்லைக் கடித்துச் சுற்றினாள். நிறுத்தினாள். நெற்றியைத் தோளில் துடைத்தாள். மறுபடி சுற்றினாள். ஒருவழியாகக் கீழ்ப்படியில் அவரைக் கிடத்தியபோது அவள் கைகள் முழங்கையிலிருந்து விரல்வரை நடுங்கிக்கொண்டிருந்தன.

அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தார்.

[இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்கு அதன் அருமை தெரியவில்லை.]

* இன்னும் இரண்டு கப்பி சேர்த்தால் பாரம் குறையாதா என்று கேட்பீர்கள். தரகரும் அதைத்தான் சொன்னார். குறையும். ஆனால் எத்தனை சேர்ப்பது என்று கணக்குப் போட உண்மையான எடை தெரிய வேண்டும். அங்கேதான் கதை மாட்டிக்கொள்கிறது.

5

அடுத்து பச்சை. சுவர் உயரம், ஆகவே இரண்டு மடங்கு பாடு என்று தயாராகத்தான் நின்றாள். குறுக்குக்கழியின் நுனி பின்முனைவரை எட்டுவதால் அவரை அங்கே, சுக்கானுக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். உருளை இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சுவரின் விளிம்பு மறைக்கும். தலை தெரியும், பிறகு தோள் தெரியும். கால் தெரியாது.

சுற்றினாள்.

வந்தார். நின்று நிதானித்து, ஆனால் வந்தார். தண்ணீரை விட்டுப் பிரிகிற இடத்தில் கைப்பிடி நிற்கவில்லை. பாரம் ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். ஆள் படியேறுவது போல.

“பாத்தியா, எவ்வளவு லேசா வந்துச்சு!” என்றார் தளத்தில் நீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்து. மயக்கத்திலிருந்து எழுந்தவருக்கு இவ்வளவு உற்சாகம் ஆகாது. தரகர் கை தட்டினார். அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

வார்டில் ஆளைத் தூக்கிப் பழகியவளுக்குத் தெரியும். தூக்கப்படுகிறவர் சும்மா கிடக்கிறாரா, காலை ஊன்றிக் கொடுக்கிறாரா என்பது தூக்குகிற கைக்கு உடனே தெரிந்துவிடும். அன்றைக்கு வாயைத் திறக்காதவள் சில நாள் கழித்துக் கண் மருத்துவமனையில் கேட்டாள். அந்த வாக்கியம்தான் என் காதில் விழுந்தது.

சுக்கானைப் பிடித்திருக்கும் கீல்கள், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வரை வரிசையாக இரும்புப் பட்டைகள். தரகர் எனக்குக் காட்டியபோது நான் கேட்டேன், “இதுல கால் வச்சு ஏறலாமா?” “தாராளமா ஏறலாம்மா, ஏணி மாதிரி” என்றார் பாவம், ஒரு கதையைக் கையில் கொடுக்கிறோம் என்று தெரியாமல்.

ஆக, பிடிக்காத படகிடம் அவர் உண்மையாக நடந்துகொண்டார். பிடித்த படகுக்காகப் பொய் சொன்னார். ஒருநாள் நடுக்கடலில் நிஜமாகவே நினைவு தப்பினால் அந்தக் கால் பட்டையைத் தேடாது. அவள் சுற்றுவாள், கைப்பிடி நிற்கும்.

இங்கேயே கதை முடிந்தது என்று பேனாவை மூடினேன்.

6

மருமகள் திறக்கவைத்தாள்.

“அத்தை, அந்த மனுசன் ஆசைப்பட்ட பொருளுக்காகப் பொண்டாட்டி உயிரோட விளையாடுறவரா?”

“அவ உயிர் இல்லம்மா, அவர் உயிர்.”

“அவரு போயிட்டா நடுக்கடல்ல அவ மட்டும் எப்படி? ஒண்ணுதானே. அப்படிப்பட்ட ஆளா அவரு?”

யோசித்தேன். இல்லை. நான் உருவாக்கிய ஆள் அப்படிப்பட்டவர் இல்லை. பயணி ஏறிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தவர் அவர்.

“அப்ப ஏன் காலை வச்சாரு?” என்று நானே கேட்டேன்.

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “முட்டி ஆபரேசன் முடிஞ்சு உங்களை நான் கட்டில்ல இருந்து தூக்குவேன்ல. டாக்டர் காலை ஊனவே கூடாதுன்னாரு. நீங்க தினமும் ஊனுனீங்க.”

“நான் எங்க ஊனுனேன்?”

“எனக்குத் தெரியும் அத்தை. என் இடுப்பு வலிக்கக் கூடாதுன்னு ஊனுனீங்க. நீங்க லேசா இருக்கீங்கன்னு நானும் சொல்லிக்கிட்டே இருந்தேன்.”

தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உங்களில் வயதானவர்களுக்கு இது தெரியும், கண்ணுகளா. நம்மைத் தூக்குகிற கைக்கு நாம் உண்மையான எடையைக் கொடுப்பதில்லை. மூச்சை இழுத்துக்கொள்கிறோம், விரல்நுனியால் ஊன்றுகிறோம், ‘நானே வந்துடுறேன்’ என்கிறோம். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறோம். அன்புதான் அது. ஆனால் தூக்குகிறவளின் கணக்கு அதனால் தப்பாகிவிடுகிறது.

இப்போது நாலாம் பகுதியின் அந்த வரிக்குத் திரும்புங்கள். வெள்ளைப் படகின் படியில் அவர் கண் திறந்ததும் பார்த்தது என்ன? நடுங்குகிற கைகளை. அதற்குப் பிறகுதான் பச்சை. முறை மாறி, பச்சை முதலிலும் வெள்ளை இரண்டாவதாகவும் இருந்திருந்தால் வெள்ளையில்தான் எடை குறைந்திருப்பாரோ?

அவர் பச்சைப் படகை விரும்பினார் என்பதும் உண்மை. அந்தக் கைகளைப் பார்த்தார் என்பதும் உண்மை. காலை எடுத்துப் பட்டையில் வைத்த அந்த நொடியில் எது வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியுமா? அதனால்தான் கண் மருத்துவமனையில் பதில் சொல்லாமல் இருந்தாரோ?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் ஒப்புக்கொள்கிறார், வெள்ளைப் படகை வாங்குகிறார்கள், ஜன்னல் வழியே நல்ல வெளிச்சம் வருகிறது. மருமகளுக்குப் பிடித்தது. எனக்கு ஏனோ ஒட்டவில்லை. நர்ஸம்மா ஜெயிப்பதற்காகப் படகு பார்க்க வந்தவள் இல்லை.

இன்னொன்றில் பச்சையை வாங்குகிறார்கள். நல்ல வெயில், நல்ல காற்று. பாயை இறக்கப் போனவர் கண் இருட்டி, விளிம்பு தாண்டி— அவள் ஓடிவந்து கயிற்றை மாட்டி, கைப்பிடியைச் சுற்ற, தண்ணீரை விட்டுப் பிரிகிற இடத்தில் அது

[இதை முடிக்க முடியவில்லை. என் கை வலித்தது. நிஜமாகவே வலித்தது.]

7

கடைசியாக ஒன்று. இதை நான் யோசித்து எழுதவில்லை, நர்ஸம்மாவே எழுதவைத்தாள்.

கண் மருத்துவமனையிலிருந்து நேராகப் படகுத்துறைக்கு வருகிறார்கள். பச்சையின் தளத்தில் நின்று நர்ஸம்மா மிதவைச் சட்டையை மாட்டிக்கொள்கிறாள்.

“என்னம்மா பண்ற?”

“இப்ப நான் இறங்குறேன். நீங்க தூக்குங்க.”

“உனக்கு எதுக்கு? விழப் போறது நான்தானே.”

“யாருங்க அப்படி எழுதி வச்சது?”

[நான்தான். இத்தனை பக்கமும் அவர்தான் விழுவார் என்று எழுதி வைத்திருந்தேன். அவளும் வழுக்கலாம், அவளையும் அலை தள்ளலாம் என்று தோன்றவே இல்லை. அவருக்கும் தோன்றவில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கேள்வி.]

“என் தோளு…” என்றார். பஸ்ஸின் பெரிய ஸ்டியரிங்கைப் பல்லாண்டு வளைத்துத் தேய்ந்த வலது தோள். அவளுக்குத் தெரியாததா? அவள்தான் தினமும் எண்ணெய் தேய்க்கிறாள்.

“தெரியும். அதுக்குத்தான் பாக்கணும்.”

இறங்கிவிட்டாள். தண்ணீர் கழுத்துவரை. பின்முனைக்கு, சுக்கானுக்குப் பக்கத்தில், அவர் இறங்கிய அதே இடத்துக்கு நீந்தி வந்து கண்ணை மூடினாள். கைகால்களைத் தளரவிட்டாள். தண்ணீர் அவளை மெல்ல ஆட்டிப் படகோடு சேர்த்தது. அப்போது வலது காலின் பெருவிரலில் ஏதோ தட்டியது.

இரும்புப் பட்டை. பாசி படிந்து வழவழத்தது, ஓர் இடத்தில் மட்டும் பாசி தேய்ந்திருந்தது. ஒரு பாதம் அகலத்துக்கு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அந்த வெற்றிடத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள், ஜுரக்காரன் நெற்றியில் கை வைப்பது மாதிரி.

மேலே கைப்பிடியைப் பிடித்து அவர் நிற்கிறார். விளிம்பு மறைக்கிறது, அவளுடைய கால் அவருக்குத் தெரியாது. ஆனால் அங்கே பட்டை இருப்பது அவருக்குத் தெரியும். அவள் காலை ஊன்றினால் பாரம் ஏறி ஏறி இறங்கும். ஊன்றாவிட்டால் கைப்பிடி நிற்கும், தோள் கதறும், அவள் பாதி தூரத்தில் தொங்குவாள். எதுவானாலும் கைக்குத் தெரிந்துவிடும். கண் மருத்துவமனையில் சொல்லாமல் விட்ட பதிலும், இத்தனை வருஷத்தில் ஒருவரை ஒருவர் எவ்வளவு எடை தாங்கவிட்டார்கள் என்பதும் அந்தச் சுற்றில் இருக்கிறது.

“சுத்தட்டுமா?” என்று கேட்டார்.

கீழேயிருந்து பதில் இல்லை. மயக்கத்தில் இருப்பவர்கள் பேசமாட்டார்கள்.

மருமகளிடம் கேட்டேன், ஊன்றுவாளா மாட்டாளா என்று. “நீங்கதானே அத்தை எழுதுறீங்க” என்றாள். எனக்குத் தெரியாதும்மா. எனக்கு என் கால் மட்டும்தான் தெரியும், அது என்ன செய்யும் என்று நீயே சொல்லிவிட்டாய். நர்ஸம்மா என்னைவிடத் தைரியசாலி, என்னைவிடப் பிரியம் வைத்தவள். இரண்டும் சேர்ந்தால் ஒரு கால் எந்தப் பக்கம் போகும்?

அதனால் நான் தளத்திலிருந்து இறங்கிக்கொள்கிறேன், கண்ணுகளா. டிரைவர் ஐயாவையும் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்கிறேன். நீங்கள் இங்கே வாருங்கள். கால்களை அகட்டி நில்லுங்கள், தளம் ஈரம். இதுதான் கைப்பிடி, அவர் பிடித்திருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. அதைப் பிடியுங்கள். எட்டிப் பார்க்காதீர்கள், பார்த்தாலும் கால் தெரியாது. நீங்கள் இதுவரை யார் யாரைத் தூக்கினீர்களோ, உங்களை யார் யார் தூக்கினார்களோ அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சுற்றுங்கள். தண்ணீர் அவள் தோளை விடுகிறது. இடுப்பை விடுகிறது.

கையில் என்ன தெரிகிறது?